நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாஸ் ஸ்வாமிகள்

நம் தாயில்பட்டியிலும், அதனைச் சூழ்ந்த வெம்பக்கோட்டை, சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்து ஊர்களிலும் கோயிற் பொங்கல் வருங்காலத்து, இரவு பத்து மணிக்குத் தொடங்கிப் பொழுது புலருமளவும் நடைபெறும் வள்ளி திருமணத்தையோ பவளக்கொடியையோ கண்டிராதார் மிகச் சிலரே யாவர். அவ்வூர்களிலேயே பாடசாலைகளின் ஆண்டு விழாவில் மாணவர் அரைமணி யளவில் நடித்துக் காட்டும் நாடகங்களும் நடைபெறுகின்றன. இவ்விரு திறத்தாரும் ஒருவரையொருவர் மதிப்பது அரிது. ஊர் நாடகக்காரர், பள்ளிப் பிள்ளைகள் நடிப்பதைப் பொம்மைக் கலியாணம் என்று நகைப்பர். படித்த இளைஞரோ, ஊர் நாடகமென்பது விடியுமட்டும் கூச்சலும் பபூனின் விரசமுமே யன்றி வேறில்லை என்று முகஞ் சுளிப்பர். பொங்கலுக்குத் திரட்டிய வரிப்பணத்தில் மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவு செய்ய வேண்டி வரும்பொழுது, எவர்க்கு எவ்வளவு என்னும் வழக்குப் பெரியோர்முன் வருதலும் உண்டு.

இவ்வழக்குப் புதியதன்று. நூறாண்டுகட்கு முன்னரே இது தமிழ்நாடு முழுவதும் பெரிய அளவில் நடந்தது. வயது வந்த நடிகர்கள் ஒரு புறமும், பயிற்சி பெற்ற பாலர்கள் ஒரு புறமும், கல்லூரியிற் கற்ற கனவான்கள் மற்றொரு புறமுமாக நின்று, நாடகம் யாருடையது என்று வாதாடினர். அம்மூவர்க்கும் இடையே நின்று, முதலிருவர்க்கும் பாடம் எழுதிக் கொடுத்தவர் சங்கரதாஸ் ஸ்வாமிகள். இவ்விதழில் நம் குலத்துப் பெரியோர் சரித்திரங்களே பெரும்பாலும் வெளிவருதல் வழக்கமாயினும், நம் வீட்டுப் பிள்ளைகள் எந்த மேடையில் ஏறினாலும் ஏதோ ஒரு வகையில் இவர்க்குக் கடன்பட்டவர்களாதலின், இவர் வரலாற்றை அன்பர்கள் அறிந்துகொள்ளுதல் நன்றென்று கருதி எழுதலானேன்.

ஸ்வாமிகள் 1867ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 7ஆம் தேதி, தூத்துக்குடிக்கு அணித்தாயுள்ள காட்டுநாயக்கன்பட்டியிற் பிறந்தார். இயற்பெயர் சங்கரன். தந்தையார் தாமோதரனார், இராமாயணத்தில் வல்லவராய் இராமாயணப் புலவர் என்றே வழங்கப்பெற்றவர், தாயார் பேச்சியம்மாள். தொடக்கக் கல்வி தந்தையாரிடத்தே நிகழ்ந்தது. அதன்பின் பழனித் தண்டபாணி ஸ்வாமிகளை யடுத்து இலக்கண இலக்கியங்களைக் கற்றார். வண்ணம் பாடுவதில் ஒப்பாரில்லாத அப்பெரியாரிடம் பெற்ற பயிற்சியே பிற்காலத்தில் இவர் நாடகப் பாடல்களில் சந்தம் தடையின்றி ஓடுவதற்குக் காரணமாயிற்று. பதினாறு வயதிலேயே வெண்பாவும் கலித்துறையும் இயற்றும் ஆற்றல் இவர்க்கு வாய்த்தது. ஆனால் வெண்பாவும் கலித்துறையும் வயிற்றை நிரப்பா. ஆகவே சிறிது காலம் தூத்துக்குடியில் உப்பளத்திற் கணக்கெழுதும் உத்தியோகத்தில் அமர்ந்தார். வெயிலிற் காயும் பாத்தியையும் வெள்ளைக் குவியலையும் எண்ணி எழுதும் அவ்வேலையில் இவர் மனம் ஒன்றவில்லை. 1891ஆம் ஆண்டில், தமது 24ஆம் வயதில், அதனை விட்டு நாடகத்திற் புகுந்தார்.

அக்காலத்தில் நாடகத்திற் புகுதலாவது என்ன என்பதை இக்காலத்தார் எளிதில் உணரமாட்டார். நாட்டுப்புறங்களில் தெருக்கூத்து வழங்கிற்று. வடக்கிலிருந்து வந்த பார்ஸி நாடகக் கம்பெனிகளின் படுதாக்களையும் மேடைச் சோடனைகளையும் கண்டு, தஞ்சாவூர்க் கோவிந்தசாமி ராவ் போன்றோர் தமிழிலும் அம்முறையைக் கொணர்ந்தனர். கூத்து வீதியிலிருந்து கொட்டகைக்குள் ஏறிற்று. ஏறினும், நடிகனுக்குக் கூத்தாடி என்னும் பெயர் மாறவில்லை. நல்ல குடும்பத்தார் அவர்க்கு வீடு வாடகைக்குக் கொடுக்கவும் தயங்கினர். நடிகர் பலர் எழுதப் படிக்க அறியாதவர்; கதையை மட்டும் மனத்திற்கொண்டு, மேடையிற் போய் வாய்க்கு வந்தவாறு பேசுவர். ஒருவர் பேச்சுக்கு மற்றொருவர் விடை கூறுவது தர்க்கமாக வளர்ந்து, கதை ஓரிடத்திலேயே நின்றுவிடும். மதுபானப் பழக்கத்தால் வேடம் புனைந்த பின்னும் மேடைக்கு வாராதவர் உண்டு. இடைநடுவே கூலியை உயர்த்தக் கேட்டு, கொடாவிடில் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவோரும் உண்டு. இத்தகைய உலகத்தில், தண்டபாணி ஸ்வாமிகளிடம் பாடங்கேட்ட புலவர் ஒருவர் கால் வைத்தாரெனின், உறவினர் எவ்வாறு வருந்தியிருப்பர் என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

அதே 1891ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சென்னையில் சுகுண விலாச சபை தோன்றியது என்பது நினைக்கத்தக்கது. பம்மல் சம்பந்த முதலியார் என்னும் கல்லூரி மாணவர், பல்லாரியிலிருந்து வந்த கிருஷ்ணமாசார்லுவின் குழுவினர் ஆடிய தெலுங்கு நாடகத்தைக் கண்டு, படித்தவர்களும் கௌரவமாக நடிக்கலாம் என்று துணிந்து, தம் நண்பர்களுடன் அதனைத் தொடங்கினார். அதுவரையில் தமிழ் நாடகத்தை இழிவாகவே எண்ணியிருந்தவர் அவர். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அச்சபையில் வேடந் தாங்கினர், ஊதியம் வாங்கவில்லை. சில ஆண்டுகளின்பின், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரித் தமிழாசிரியர் சூரியநாராயண சாஸ்திரியார், பரிதிமாற் கலைஞர் என நாம் அறிபவர், ரூபாவதி, கலாவதி என்னும் நாடகங்களை எழுதி, மாணவர்களைக் கொண்டு நடிப்பித்துத் தாமும் வேடம் பூண்டார். நாடகவியல் என இலக்கண நூலும் செய்தார். ஒரே காலத்தில் உப்பளத்துக் கணக்கர் ஒருவர் கூத்தாடிகளிடத்தும், கல்லூரிக் கனவான்கள் கண்ணியமான மேடையிடத்தும் சென்றனர். பின்னவர்க்கு வீட்டிற் சோறிருந்தது. முன்னவர்க்கு மேடையே சோறு. இவ்வேற்றுமையை மறந்து இருவரையும் ஒப்பிடுவோர் இன்றும் பலர். அது நியாயமன்று.

ஸ்வாமிகள் முதலிற் சேர்ந்தது சாமி நாயுடு நாடக சபை. அங்கே நடிகராகவும் உதவி ஆசிரியராகவும் இருந்தார். உயர்ந்த உருவமும் இடிபோன்ற குரலும் உடையவராதலின், இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் ஆகிய வேடங்கள் இவர்க்கு அமைந்தன. அவ்வேடங்களைப்பற்றி வழங்கும் இரண்டு செய்திகள் உள. சத்தியவான் சாவித்திரியில் எமனாக இவர் ஆர்ப்பரித்து வந்ததைக் கண்ட கருவுற்ற பெண்ணொருத்தி அச்சத்தாற் கருச்சிதைவுற்றாள் என்பது ஒன்று. நளன் கதையிற் சனீஸ்வரனாக நடித்து முடித்து, அரிதாரத்தைக் கழுவுவதற்காக வைகறையில் நீர்நிலைக்குச் சென்றபோது, எதிர்ப்பட்ட பெண்ணொருத்தி அக்கோலத்தைக் கண்டு அதிர்ச்சியால் உயிர் துறந்தாள் என்பது மற்றொன்று. நாடகக்காரர் இச்செய்திகளை ஒருவகைப் பெருமிதத்தோடு சொல்வது வழக்கம். ஸ்வாமிகள் அவ்வாறு கொள்ளவில்லை. தம் திறமையே பிறர்க்கு ஊறாயிற்று என்று நெஞ்சம் நொந்து, வேடம் புனைவதை அறவே விட்டார். நடிகனாய்ப் புகழெய்தற்குரிய பருவத்தில் அதனைத் துறந்தது எளிய காரியமன்று. காவியுடுத்துத் தல யாத்திரை செய்தார், திருமணம் செய்துகொள்ளவில்லை. அது முதலே ஸ்வாமிகள் என்னும் பெயர் வழங்கலாயிற்று.

எனினும் நாடகம் இவரை விடவில்லை. வள்ளி வைத்தியநாதையர், அல்லி பரமேசுவர ஐயர் முதலியோர் கம்பெனிகள் இவரை ஆசிரியராக அழைத்தன. இடையே புதுக்கோட்டையில் கஞ்சிரா வித்வான் மான்பூண்டியா பிள்ளையின் நட்புக் கிடைத்தது. லயத்தில் நிகரற்ற அப்பெரியார், இவரைத் தம் புதல்வராகவே பாவித்துத் தம்மிடத்தே வைத்துப் போற்றினார். தண்டபாணி ஸ்வாமிகளிடம் பெற்ற சந்தத்தோடு மான்பூண்டியா பிள்ளையிடம் பெற்ற தாளமும் சேர்ந்தது. இவ்விரண்டின் கூட்டமே ஸ்வாமிகளின் நாடகப் பாட்டு என்று சொல்லலாம். பின்னர் வேலு நாயர் நடத்திய ஷண்முகானந்த சபையிலும் ஆசிரியராயமர்ந்தார்.

இனி அவர் செய்தது யாது? நடிகன் வாய்க்கு வந்ததைப் பேசிய இடத்தில், எழுதிய பாடத்தை வைத்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, சதி சுலோசனா, சதி அனுசூயா, லவகுசா, பிரகலாதன், ஞான சௌந்தரி என அவர் இயற்றியவை பல. மக்கள் முன்பே அறிந்த கதைகளே அவை. ஆயினும் பாத்திரம் எப்பொழுது வரவேண்டும், என்ன விருத்தம் பாட வேண்டும், எதிரி எவ்வாறு மறுக்க வேண்டும், எவ்விடத்தில் தர்க்கம் முடியவேண்டும் என்பதெல்லாம் அவற்றில் வரையறுக்கப்பட்டன. வெண்பா, விருத்தம், சிந்து, கீர்த்தனை ஆகியவற்றோடு, மக்கள் விரும்பிய பார்ஸி, இந்துஸ்தானி மெட்டுக்களையும் அவர் தள்ளவில்லை. நீதி நூற்கருத்துக்களை வசனங்களிடையே தாராளமாகக் கலந்தார். இதனால், எழுத்தறியாத நடிகனும் அவன்முன் அமர்ந்த எழுத்தறியாத உழவனும் நல்ல தமிழைச் செவிவழியே பெற்றனர்.

குறை இல்லையோ எனின், உண்டு. பாடல்கள் மிகுதி; கதை நகர்வதற்குள் கண்ணுறக்கம் வந்துவிடும். சொல் விளையாட்டில் ஆசிரியர்க்குள்ள பற்று சிற்சில இடங்களில் வரம்பு கடந்தது. அழவேண்டிய இடத்திலும் பாத்திரம் சிலேடை பேசும். சுகுண விலாச சபையார் பாட்டைக் குறைத்து வசனத்தை வளர்த்து, நாடகத்தைச் சில மணி நேரத்தில் முடித்ததை நோக்க, ஸ்வாமிகள் முறை பழமையானதே. ஆனால் சபையார் எழுதியது நகரத்தில் டிக்கட் வாங்கி நாற்காலியில் அமர்வோர்க்கு. ஸ்வாமிகள் எழுதியது பத்துக் கல் தொலைவிலிருந்து மாட்டுவண்டியில் வந்து, இரவில் திரும்பிச் செல்ல வழியின்றி, விடியுமட்டும் மணலில் அமர்ந்திருப்போர்க்கு. நாடகம் நள்ளிரவில் முடிந்தால் அவர் எங்கே போவர்?

நிற்க. பாடம் எழுதிக் கொடுத்தும் வயது வந்த நடிகர்கள் திருந்தவில்லை. பாடத்தைப் படிக்க மறுத்தோர் பலர். படித்தும் மேடையில் தம் மனம்போனவாறு பேசினோர் பலர். பெயரெடுத்த ராஜபார்ட் நடிகனைக் கண்டிக்க முதலாளிக்கும் துணிவில்லை. இதனைக் கண்டு சலித்தே ஸ்வாமிகள் சிறுவர்களை நாடினார். 1910ஆம் ஆண்டில் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தோற்றுவித்தார். பிற்காலத்தில் தம் இசையால் தமிழ்நாட்டையே மயக்கிய செங்கோட்டை கிட்டப்பா இளம்பிராயத்திற் பயின்றது அங்கேதான். மாரியப்ப ஸ்வாமிகளும் அச்சபையினரே. 1918ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை ஏற்பட்டபோது, ஸ்வாமிகளே அதன் ஆசிரியரானார். பெண்வேடத்திற் பெயர்பெற்ற கண்ணுசாமிப் பிள்ளை, தம் மக்கள் சங்கரன், முத்துசாமி, ஷண்முகம் ஆகிய மூவரையும் அதிற் சேர்த்தார். ஷண்முகத்திற்கு அப்பொழுது ஆறு வயது.

பால சபை என்பது நாடகக் கம்பெனியும் பள்ளிக்கூடமும் கலந்த ஒன்று. சிறுவர்கள் ஒரே வீட்டில் உண்டு உறங்குவர். விடியற்காலையில் எழுந்து குரற் சாதகம் செய்தல், பின்னர்ப் பாடம் ஒப்பித்தல், பிற்பகலில் ஒத்திகை, இரவில் நாடகம் என்பது முறை. கொட்டகை யுள்ள ஊர்களில் சில மாதங்கள் தங்கி, வசூல் குறைந்தவுடன் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குச் செல்வர். ஸ்வாமிகள் கண்டிப்பு மிகுந்தவர். உச்சரிப்புப் பிழைத்தால் பொறுக்கமாட்டார், அடியும் விழும். எழுத்தறிவு, யாப்பறிவு, தாளவறிவு மூன்றையும் ஒருங்கே பெற்று அச்சிறுவர் வெளிவந்தனர். அக்காலத்து உயர்தரப் பாடசாலை எதுவும் தமிழில் இத்துணைப் பயிற்சி அளித்ததென்று கூற இயலாது.

பாலர்கள் பாடத்தை எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்தனர், குடிக்கவில்லை, சம்பளத்திற்கு வழக்காடவில்லை. ஜனங்கள் மொய்த்தனர். மதுரையிலேயே ஜகந்நாதையரின் பால மீன ரஞ்சனி சங்கீத சபை, ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என வேறு பாலர் கம்பெனிகளும் கிளம்பின. இவற்றிடையே போட்டி கடுமையாயிற்று. நன்றாகப் பாடும் சிறுவன் ஒருவனைக் கண்டால், அவன் பெற்றோரை அடைந்து அதிகப் பணங்காட்டித் தம்மிடம் இழுத்துக்கொள்வது முதலாளிகட்கு வழக்கமாயிற்று. ஓராண்டு உழைத்துப் பயிற்றிய பிள்ளை ஓரிரவில் எதிர்க் கம்பெனியின் மேடையில் நிற்பதைக் காணும் ஆசிரியன் மனம் என்ன பாடுபடும்?

மற்றொரு புறத்தில், வயது வந்த நடிகர்கள் சும்மா இருக்கவில்லை. கம்பெனி என்னும் கட்டின்றி, ஒவ்வொருவரும் தனித்தனியே பேசிக்கொண்டு வந்து ஓரிரவு கூடி நடிக்கும் ஸ்பெஷல் நாடகம் என்னும் முறை பெருகிற்று. ராஜபார்ட் ஓரூரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறூரிலிருந்து வருவார். பபூனும் ஆர்மோனியக்காரரும் மற்றோரூரினர். ஒத்திகை கிடையாது. இவர்கள் பாலர் கம்பெனியைப் பார்த்து, கிளிப்பிள்ளைகள் என்றனர். சொல்லிக்கொடுத்ததற்கு மேல் ஒரு சொற் பேச அறியாதவர்கள் என்றும், காதலும் சோகமும் எட்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வாறு விளங்கும் என்றும் கேட்டனர். பாலர் கம்பெனியாரோ, ஸ்பெஷல் நாடகத்தைச் சந்தைக் கூச்சல் என்றனர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. வியப்பு யாதெனில், இருவர் கையிலும் இருந்தது ஸ்வாமிகளின் பாடமே. ஒத்திகையின்றி முன்பின் அறியாத நால்வர் மேடையேறி, விடியுமட்டும் ஒரு நாடகத்தை நடத்த முடிகிறதென்றால், நால்வரும் ஒரே பாடத்தை மனப்பாடஞ் செய்திருப்பதே காரணம். நடிகர்களின் ஒழுங்கின்மையைக் கண்டு வெறுத்து எழுதிய பாடமே, அவர்கள் எவர்க்கும் அடங்காமல் தனித்து வாழ்வதற்கும் முதலாயிற்று. ஸ்வாமிகள் இதனை எதிர்பார்த்திரார்.

பாலர் கம்பெனியைப்பற்றி இன்னொன்று சொல்லாமல் விடுவது முறையன்று. நம் பகுதியார்க்கு அது நன்கு விளங்கும். ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகளை வறுமை காரணமாகவே பெற்றோர் அங்கே விட்டனர். பிள்ளைக்கு உணவு, வீட்டிற்குச் சிறு பணம். இராக்காலமெல்லாம் கண் விழித்து நடித்த அப்பிள்ளைகள், பள்ளிக்கூடத்தின் வாயிலை மிதிக்கவில்லை. பதின்மூன்று பதினான்கு வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், அதுவரை தெய்வமாய்ப் போற்றப்பட்ட ஸ்திரீபார்ட்டுச் சிறுவன் மறுநாளே வேண்டாதவனாவான். ஓரிருவர் வாத்தியமோ வேறு வேடமோ கற்றுப் பிழைத்தனர். மற்றையோர் எங்கே போயினர் என்பது எந்தச் சரித்திரத்திலும் எழுதப்படவில்லை. நம் ஊர்களில் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பிள்ளைகள் போய்வந்த காலத்தை நம்மிற் பெரியோர் அறிவர். 14 வயதிற்குட்பட்டாரை அவ்வேலைகளில் அமர்த்துவதை விலக்கி 1986ஆம் ஆண்டிற் சட்டம் பிறந்தது. அக்கண்கொண்டு நோக்கின், பால சபையின் புகழில் ஒரு நிழல் விழுகின்றது. விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலை 1889ஆம் ஆண்டிலேயே மகமைப் பணத்தால் எழுந்தது. அத்தகைய பள்ளிகள் பிள்ளைகட்கு எழுத்தைக் கொடுத்தன. ஆயினும் அவ்வெழுத்தை உயிரோடு பேசக் கற்பித்தவை கம்பெனிகளே. இரண்டும் ஓரிடத்தில் அமைந்திருந்தால் எத்துணை நன்றாயிருந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஸ்வாமிகளைக் குற்றவாளியாக்குவது எம் கருத்தன்று. ஏனைய முதலாளிகட்குப் பிள்ளைகள் வருவாய். இவர்க்கோ அவர்கள் மாணாக்கர். சிறுவன் ஷண்முகத்தின் ஆற்றலைக் கண்டு, அவனுக்கென்றே அபிமன்யு சுந்தரி என்னும் நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று, அவரே வளர்ந்து பெரியவராகி எழுதிய தம் நாடக வாழ்க்கை நூலிற் பதிவு செய்திருக்கின்றார். மாலையில் விளக்கேற்றி எழுத அமர்ந்தவர், பாட்டும் வசனமுமாக விடியுமுன் முடித்து எழுந்தார் என்பது, தண்டபாணி ஸ்வாமிகளின் மாணாக்கர்க்கு இயலாததன்று. ஒரு பிள்ளையின் வயதுக்கும் குரலுக்கும் ஏற்பப் பாடம் எழுதுதல் வேண்டும் என்னும் நினைவு அக்காலத்து எத்தனை ஆசிரியர்க்கு இருந்தது?

கற்ற கனவான்களுக்கும் கம்பெனிகட்கும் இடையிலிருந்த சுவரும் மெல்ல மெல்ல இடிந்தது. சம்பந்த முதலியாரின் மனோகரா முதலிய நாடகங்களைப் பாலர் கம்பெனிகள் ஆடத் தொடங்கின. பி. ஏ. பட்டம் பெற்ற எம். கந்தசாமி முதலியார், சபை நடிப்பின் நுட்பங்களைக் கம்பெனிச் சிறுவர்கட்குக் கற்பிக்கும் ஆசிரியராகப் புறப்பட்டார். பட்டதாரி ஒருவர் கூத்தாடிப் பிள்ளைகட்கு வாத்தியாராவது அன்று பெரிய செய்தி. கனவான் சபையின் வசனமும் ஸ்வாமிகளின் பாட்டும் ஒரே பிள்ளையின் நாவில் ஏறியபோதுதான் பிற்காலத் தமிழ் நாடகம் உருவாயிற்று. கண்ணுசாமிப் பிள்ளையின் மக்கள் 1925ஆம் ஆண்டில் தாமே தொடங்கிய ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையில் இவ்விரண்டும் இணைந்து விளங்கின. ஔவையாராக நடித்த சிறப்பால் ஷண்முகம் ஔவை ஷண்முகம் என்றே பெயர் பெற்றார். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அச்சபையில் வளர்ந்தவர். ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலிருந்து எம். ஜி. இராமச்சந்திரனும், யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியிலிருந்து சிவாஜி கணேசனும் வெளிப்பட்டனர். திரைப்படம் அவர்களை யெல்லாம் கொண்டுபோனதோடு, பாலர் கம்பெனிகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. ஸ்பெஷல் நாடகமே நிலைத்தது. மதுரையிலும் புதுக்கோட்டையிலும் நடிகர் சங்கங்கள் இன்றும் உள்ளன. பங்குனி தொடங்கி ஆடிவரை அந்நடிகர்க்கு ஓய்வில்லை.

சிவகாசியார் பெருமையோடு நினைக்கவேண்டிய ஒருவர் அம்மரபில் உளர். 1886ஆம் ஆண்டில் சிவகாசியிற் பிறந்த விசுவநாததாஸ், ஸ்வாமிகளின் வள்ளி திருமணத்தில் முருகனாகத் தோன்றிக் கதரணிந்து தேசியப் பாடல்களைப் பாடினார். வள்ளி தினைப்புனங் காக்கும் காட்சியில் வரும் பறவைக்கு வெள்ளையன் என்று பொருள் கொள்ளும்படி பாட்டமைந்தபோது, மணலில் அமர்ந்திருந்த ஜனங்கள் அனைவரும் விளங்கிக்கொண்டனர்; போலீஸாரும் விளங்கிக்கொண்டனர். பலமுறை சிறை சென்றார். அவர் மருத்துவர் குலத்திற் பிறந்தவர் என்பதனால் அவருடன் வேடம் தாங்க மறுத்த நடிகையரும் இருந்தனர். பின்னாளில் சட்டசபை உறுப்பினரான கே. பி. ஜானகியம்மாள் அதனைப் பொருட்படுத்தாது உடன் நடித்தார். வறுமையுங் கடனும் சூழ்ந்த நிலையில், 1940ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி இரவு, சென்னையில் மயில்மேல் முருகனாக வீற்றிருந்து பாடிக்கொண்டிருக்கையிலேயே விசுவநாததாஸ் உயிர் நீத்தார். குலத்தின் பெயரால் மேடையில் ஒருவரை ஒதுக்கினோமென்பதை, குலச் சங்கத்து இதழிலேயே எழுதிவைப்பது தகும் என்று கருதுகின்றேன்.

ஸ்வாமிகளின் இறுதி நாட்கள் துன்பமானவை. 1921ஆம் ஆண்டில் பக்கவாதம் கண்டது. கையும் காலும் முடங்கின, பேச்சும் நின்றது. ஒரு பிள்ளையின் நாவில் ஒரு சொல் பிழைப்பினும் பொறாதவர், பிழையைக் கேட்டும் திருத்திச் சொல்ல மாட்டாதவரானார். ஆயினும் சபையை விட்டுப் பிரியவில்லை. போவதற்கு வேறு வீடுமில்லை. மனைவி மக்கள் இல்லாத அவர்க்கு அச்சிறுவர்களே சுற்றம். கம்பெனி ஊர்விட்டு ஊர் செல்லும்போது அவரையும் உடன் கொண்டு சென்றனர். பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் சபை முகாமிட்டிருக்கையில், 1922ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 13ஆம் தேதி திங்கட்கிழமை இரவு, தமது 55ஆம் வயதில் ஸ்வாமிகள் இறைவனடி சேர்ந்தார். கருவடிக்குப்பம் இடுகாட்டில் அவர் நினைவிடம் உள்ளது. ஆண்டுதோறும் நினைவு நாளில் நாடகக்காரர் அங்கே கூடி மாலை சாத்தி, அவர் பாடல்களைப் பாடுகின்றனர்.